பக்கத்துல படுக்கிறவங்க சொல்றதைக் கேளுங்க



சாரல் ஆரம்பிச்சாச்சு. பேரருவியிலயும் ஐந்தருவியிலயும் தண்ணி நல்லா விழுது. இனி ஆகஸ்ட் வரைக்கும் தென்காசி ரோட்டுல வெளியூர் வண்டிகள்தான். சென்னையில ராத்திரி கிளம்பி, 600 கிலோமீட்டருக்கு மேல ஒரே டிரைவர் ஓட்டி, விடியக்காலம் குத்தாலத்துல குளிச்சு, மத்தியானம் பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிட்டு, அன்னைக்கு ராத்திரியே ஊர் திரும்புற வண்டிகளும் அதுல உண்டு.

அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் எப்படித் தூங்குறார்ங்கறது நம்ம எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால இன்னைக்கு குறட்டையைப் பத்திப் பேசுவோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல செங்கோட்டைக்கு வந்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். பெட்டிக்கு ஒருத்தராவது இருப்பார். விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள குறட்டை ஆரம்பிச்சிடும். சுத்தி இருக்கிறவங்க புரண்டு புரண்டு படுப்பாங்க. திடீர்னு சத்தம் நிக்கும். "அப்பாடா"ன்னு கண்ணை மூடினா, அரை நிமிஷத்துல ஒரு பெரிய செருமலோட மறுபடியும் ஆரம்பிக்கும். காலையில தென்காசியில இறங்கும்போது "ராத்திரி தூக்கமே பத்தல"ன்னு சொல்றவரும் அவராத்தான் இருப்பார்.

நடுவுல வந்த அந்த அரை நிமிஷ அமைதி இருக்கே, அதுதான் நோய். அந்த நேரத்துல அவர் மூச்சே விடல.

*என்ன நடக்குது?*

தூங்கும்போது உடம்புல எல்லாத் தசைகளும் தளரும். தொண்டைத் தசையும் நாக்கும் தளர்ந்து பின்பக்கமா சரியும். மூச்சுப்பாதை குறுகும். குறுகின வழியில காத்து போகும்போது தொண்டைச் சதை அதிரும். அதுதான் குறட்டை.

சிலருக்கு அந்த வழி மொத்தமா அடைச்சிடும். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முட்டும், ஆனா காத்து உள்ளே போகாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையும். மூளை பதறி ஒரு நொடி முழிக்க வைக்கும். தசை இறுகி வழி திறக்கும். செருமலோட மூச்சு வரும். திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு.

இதுக்குப் பேர் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. 10 விநாடி அல்லது அதுக்கு மேல மூச்சு நின்னா ஒரு தடவைன்னு கணக்கு. முழுசா நிக்காம ரொம்பக் குறைஞ்சு போறதையும் சேர்த்து எண்ணுவோம். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 நடுத்தரம். 30க்கு மேல போனா கடுமையானது. மணிக்கு 30ன்னா 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை. 7 மணி நேரம் படுத்தா 210 தடவை ஒருத்தரை உலுக்கி எழுப்புற மாதிரி. ஆனா காலையில அவருக்கு ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது.

2023ல எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம்னு கணிச்சாங்க. உழைக்கிற வயசுல மட்டும் 10 கோடிப் பேருக்கு மேல. இதுல பெரும்பாலானவங்களுக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது.

*ஏன் தெரியாது?*

சுகர் வந்தா தாகம் எடுக்கும், மாரடைப்பு வந்தா நெஞ்சு வலிக்கும். இந்த நோய் மட்டும் நோயாளி நினைவில்லாம இருக்கிற நேரத்துல நடக்குது. அதைப் பார்க்கிறது பக்கத்துல படுத்திருக்கிறவங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்றது நோயாளி. நாங்க கேள்வி கேக்குறதும் அவர்கிட்டதான். இங்கதான் கோட்டை விடுறோம்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.

வேன் ஓட்டுறவர். வயசு 46. பிபிக்கு 3 வகை மாத்திரை போட்டும் குறையல. ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறார். சுகர் டெஸ்ட் நார்மல். ப்ராஸ்டேட் ஸ்கேனும் நார்மல். காலையில தலை பாரம், வாய் வறட்சி. "உறக்கம் எப்படி அண்ணாச்சி?"ன்னு கேட்டா, "படுத்தா அடுத்த நிமிசம் ஒறங்கிருவேன் சார். அதுல ஒரு குறையும் இல்ல"ங்கறார்.

கூட வந்த அவர் மனைவிகிட்ட கேட்டேன். "அவுக ஒறங்குதப்ப மூச்சு நின்னு நின்னு வருது சார். சில நேரம் வரவே மாட்டேங்குது. நான் பயந்துபோய் தட்டி விட்டுக்கிட்டே கெடப்பேன். எத்தன வருசமா சொல்லுதேன், கேக்க மாட்டேங்காக."

அவர் சிரிச்சார். "அவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவா சார்."

திருநெல்வேலிக்கு அனுப்பி தூக்கப் பரிசோதனை எடுத்தோம். மணிக்கு 52 தடவை. அந்தம்மா வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சுக் கண்டுபிடிச்சதைத்தான் அந்த ரிப்போர்ட் அச்சடிச்சுக் கொடுத்தது.

அடிக்கடி ஒண்ணுக்கு வந்ததுக்கும் காரணம் இதேதான். அடைச்ச தொண்டைக்கு எதிரா மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி இதயம் விரியும். உடம்புல தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு இதயம் தப்பா நெனச்சு, சிறுநீரை வெளியேத்தச் சொல்லி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். இது தெரியாம எத்தனையோ பேர் சுகர், ப்ராஸ்டேட்னு சுத்திக்கிட்டு இருக்காங்க.

*நீங்களே பார்த்துக்கோங்க*

கீழே இருக்கிறதுல மூணு, நாலு பொருந்தினா டாக்டரைப் பாருங்க.

– அடுத்த ரூமுக்குக் கேக்குற குறட்டை
– தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு யாராவது சொல்லியிருக்காங்க
– எட்டு மணி நேரம் தூங்கியும் பகல்ல அசதி
– பிபி இருக்கு, குறிப்பா மாத்திரைக்கு அடங்காத பிபி
– உடல் பருமன்
– வயசு 50க்கு மேல
– சட்டைக் காலர் அளவு 16 இஞ்சுக்கு மேல
– ஆண்

எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு: சிக்னல்ல நிக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ கண் சொருகினா மத்த எதையும் எண்ண வேண்டாம். அன்னைக்கே ஓட்டுறதை நிறுத்திட்டு வாங்க.

"நான் ஒல்லிதானே?"ன்னு கேப்பீங்க. தாடை சின்னதா, பின்தள்ளி இருக்கிற ஒல்லியான ஆட்களுக்கும் வரும். தைராய்டு குறைபாடு இருந்தாலும் வரலாம்.

பெண்களுக்கு வராதுன்னு நெனக்காதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு வாய்ப்பு கூடுது. அவங்க குறட்டையைச் சொல்ல வெக்கப்படுவாங்க. அசதி, தலைவலி, தூக்கம் வரலன்னுதான் வருவாங்க. நம்ம பக்கம் பீடி சுத்திக்கிட்டே கண் அசர்ற அம்மாக்களைப் பார்த்திருப்பீங்க. "வேலை அலுப்பு"ன்னு விட்டுடுவோம். புருஷன் நல்லா தூங்குறவரா இருந்தா அந்தம்மாவுக்கு சாட்சி சொல்லவே ஆள் கிடையாது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் கவனிக்கணும்.

*மெஷின்னா பயப்படாதீங்க*

நடுத்தர, கடுமையான நோய்க்கு முதல் சிகிச்சை சிபாப் கருவி. இது ஆக்ஸிஜன் மெஷின் இல்ல. வென்டிலேட்டரும் இல்ல. ரூம்ல இருக்கிற அதே காத்தை லேசான அழுத்தத்தோட மூக்கு வழியா அனுப்பும். அந்தக் காத்து உள்ளே இருந்து தாங்கிப் பிடிக்கிறதால தொண்டை மூடாது. ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள ஸ்ட்ராவை விட்டு ஊதினா குமிழி வருமே, ஏறக்குறைய அந்த அளவு அழுத்தம்தான்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன். 1981ல 5 நோயாளிகள்கிட்ட பண்ணின சோதனையை லான்செட் இதழ்ல வெளியிட்டார். அதுக்கு முன்னாடி கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி கழுத்துல ஓட்டை போட்டு குழாய் வைக்கிறது. அந்த இடத்துல ஒரு மாஸ்க் வந்ததே எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

ஆனா நம்ம ஊர்ல மாஸ்க்கைப் பார்த்ததும் முகம் மாறிடுது. காரணம் எனக்குப் புரியுது. 2021 கொரோனா ரெண்டாம் அலையில அப்பாவையோ அண்ணனையோ கடைசியா மாஸ்க்கோட பார்த்தவங்க நிறைய. அதையே வீட்டுக் கட்டில்ல தினமும் பார்க்கணும்னா மனசு ஒப்பாது. "மெஷின் வெக்கிற அளவுக்கு ஆயிடுச்சா?"ன்னு சொந்தக்காரங்க வேற வந்து விசாரிப்பாங்க.

கிட்டப்பார்வை இருந்தா கண்ணாடி போடுறோம். அதை யாரும் கடைசிக் கட்டம்னு சொல்றதில்ல. இதுவும் அதே மாதிரி ஒரு உபகரணம். 2023 ஜூன்ல அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் முகத்துல பட்டை பட்டையா தடம் தெரிஞ்சது. என்னன்னு பத்திரிகைகள் கேட்டப்போ, சிபாப் மாஸ்க் வார் பதிஞ்ச தடம்னு வெள்ளை மாளிகை சொன்னது. ராத்திரி மாஸ்க், காலையில அலுவலகம். அவ்வளவுதான்.

"போட்டா அடிமை ஆயிடுவோமா?" ஆக மாட்டீங்க. போடாட்டி பழைய நோய் திரும்பி வரும், அவ்வளவே. "கரண்ட் போனா?" மாஸ்க்ல காத்து வெளியேற வழி இருக்கும். மெஷின் நின்னதும் முழிப்பு வந்து கழட்டிடுவீங்க. ஈரப்பதம் சேர்க்கிற பகுதியை அணைச்சு வெச்சா சீலிங் ஃபேன் அளவுக்குக்கூட இது கரண்ட் எடுக்காது. வீட்டு இன்வெர்ட்டரே போதும்.

*முதல் மாசம்தான் சிகிச்சை*

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புறேன். மாத்திரை மாதிரி வாங்கினதும் வேலை செய்யுற பொருள் இல்ல இது. முதல் ஒரு மாசத்துல பழகினவங்க வருஷக்கணக்கா போடுவாங்க. அந்த மாசம் தோத்தவங்களோட மெஷின் பீரோ மேல ஏறிடும்.

நம்ம வேன்காரரும் முதல் பத்து நாள் ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் கழட்டிப் போட்டார். நகையை அடகு வெச்சு வாங்கின மெஷின். "ஏமாந்துட்டோம்"னு வீட்ல சண்டை. அந்தம்மாதான் விடல. அவர் கழட்டினா எழுப்பி மறுபடியும் மாட்டி விட்டாங்க. மூக்குல புண் வந்ததும் மாஸ்க்கைக் கையோட கொண்டு வந்து காட்டினாங்க. அளவு பெருசு. மாத்தினதும் சரியாச்சு. ஒரு மாசம் கழிச்சு ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கிறார். பகல்ல கண் சொருகுறது நின்னு போச்சு. "நான் இப்பதான் சார் ஒறங்குதேன்"னு அந்தம்மா சொன்னாங்க. ரெண்டு பேருக்கு ஒரே மெஷின்ல வைத்தியம்.

பழகுறதுக்குச் சில வழிகள்:

– முதல் வாரம் பகல்ல டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்க.
– காத்து கசிஞ்சா வாரை இறுக்காதீங்க. மாஸ்க் அளவைச் சரி பாருங்க.
– மூக்கடைப்பு இருந்தா முதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க.
– வாய் வறண்டா ஈரப்பதம் சேர்க்கிற பகுதியைப் பயன்படுத்துங்க. அதுல டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க.
– மாஸ்க்கை தினமும் சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க.
– குறைஞ்சது 4 மணி நேரம்னு ஆரம்பிங்க. முழுத் தூக்கமும் போடுறதுதான் இலக்கு.

*என்ன பலன்? உள்ளதைச் சொல்றேன்*

பகல் தூக்கம் குறையும். வேலையில கவனம், மனநிலை, கணவன் மனைவி உறவு எல்லாம் தேறும். இதுல சந்தேகமே இல்ல. ஸ்லீப் ஆப்னியா இருக்கிற டிரைவர்களுக்கு விபத்து வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கும் மேலன்னு ஆய்வுகள் சொல்லுது. சிபாப் போட்டா அது நல்லாவே குறையுது. ஓட்டுற திறமை சில நாட்கள்லயே மேம்படுது. புளியரை மலைப்பாதை வளைவுல எதிரே வர்ற லாரிக்காரர் நேத்து ராத்திரி சரியா தூங்கினாரான்னு நமக்குத் தெரியாது. இந்த ஒரு பலனே எனக்குப் போதும்.

பிபி சராசரியா ரெண்டு மூணு பாயின்ட்தான் குறையும். மாத்திரைக்கு அடங்காதவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா குறையலாம். அதனால பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

மாரடைப்பை, பக்கவாதத்தைத் தடுக்குமா? 2016ல வெளியான சேவ் ஆய்வுல, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700க்கும் மேற்பட்டவங்களைப் பார்த்தாங்க. சிபாப் அவங்களுக்கு அடுத்த பாதிப்பைக் குறைச்சதா நிரூபணம் ஆகல. ஆனா அவங்க மாஸ்க் போட்டது ராத்திரிக்கு சராசரியா 3.3 மணி நேரம்தான். பாதித் தூக்கத்துக்குக்கூட வராது. "இதை வாங்கினா ஹார்ட் அட்டாக்கே வராது"ன்னு யாராவது வித்தா நம்பாதீங்க. நல்லா தூங்கி, நல்லா முழிச்சிருந்து, வண்டியைப் பத்திரமா ஓட்டத்தான் இது.

அதே சமயம் இது விளையாட்டு நோயும் இல்ல. 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ, காரணமா மருத்துவமனை சொன்ன பேர் இதுதான்.

மெஷின் மட்டுமே வழின்னும் இல்ல. 10 சதவீதம் எடை குறைச்சா, மூச்சு நிக்கிற எண்ணிக்கை நாலுல ஒரு பங்கு குறையும்னு அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு காட்டியிருக்கு. லேசான நோய்க்கு ஒருக்களிச்சுப் படுக்கிறதும், பல் மருத்துவர் செஞ்சு தர்ற தாடை உபகரணமும் உதவும். உடல் பருமனோட இருக்கிற நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைடு ஊசியை 2024 டிசம்பர்ல அமெரிக்கா அனுமதிச்சிருக்கு. டாக்டர் சொல்லாம வாங்கிப் போடாதீங்க.

குடி தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். குத்தாலம் லாட்ஜ்ல குடிச்சுட்டு மல்லாக்கப் படுக்கிறது இவங்களுக்கு ரொம்ப ஆபத்து. தூக்க மாத்திரையும் அப்படித்தான். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவர்கிட்ட "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கு"ன்னு சொல்லிடுங்க.

*அரசுக்கு என் கோரிக்கை*

நானும் அரசு ஊழியன்தான். குறை சொல்ல இதை எழுதல.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, சுகாதாரத் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்குறாங்க. அங்கே பேசுறது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்கிட்ட. அதாவது, நோயைப் பார்த்த சாட்சிகிட்ட. "இவர் தூங்கும்போது மூச்சு நிக்குதா?"ன்னு ஒரே ஒரு கேள்வியை அந்தப் பட்டியல்ல சேர்க்கலாம். பைசா செலவில்ல.

ரெண்டாவது, டிரைவர் லைசென்ஸ் படிவத்துல வலிப்பு, மயக்கம், மாலைக்கண் எல்லாம் கேக்குறோம். தூக்கத்தைப் பத்தித் தனியா ஒரு கேள்வியும் இல்ல. அதைக் கேக்கணும். ஆனா கேட்டுட்டு வண்டியைப் பிடுங்கினா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. பிரிட்டன்ல பகல் தூக்கம் இருக்கிற வரைக்கும் ஓட்டக் கூடாது. சிகிச்சையில கட்டுப்பட்டதும் திரும்ப ஓட்டலாம். அந்த உறுதிமொழி நம்ம டிரைவர்களுக்கும் வேணும்.

மூணாவது, செலவு. சாதாரண சிபாப் கருவியே இன்னைக்கு 25,000, 30,000 ரூபாய்ல ஆரம்பிக்குது. மத்திய அரசு ஊழியர்களுக்கு சிஜிஎச்எஸ் மூலமா இந்தப் பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கு. ராத்திரி முழுக்க காய்கறி லோடு ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போற டிரைவருக்கும் அப்படி ஒரு வழி வேணும். அவருக்காக மட்டும் இல்ல, அவருக்கு எதிரே வர்ற நமக்காகவும்தான்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இன்னைக்கு ராத்திரி நீங்க செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. வீட்ல சத்தமா குறட்டை விடுறவர் தூங்கினதும் போன்ல ரெண்டு மூணு நிமிஷம் வீடியோ எடுங்க. முகமும் நெஞ்சும் தெரியணும். கேலி பண்ண இல்ல, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடவும் இல்ல. காலையில அவருக்கே போட்டுக் காட்டுங்க. "எனக்கு ஒண்ணுமில்ல"ங்கறவர் தன்னோட மூச்சு நிக்கிறதைத் தானே பார்த்தா பேச மாட்டார்.

அடுத்த தடவை பிபி மாத்திரை வாங்க வரும்போது அந்த வீடியோவோட வாங்க. அதை எடுத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்க பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில நுரையீரல் பிரிவோ காது மூக்கு தொண்டை பிரிவோ தூக்கப் பரிசோதனைக்கு வழி சொல்வாங்க.



– அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.,
தென்காசி